வாழைநாரில் கட்டிய படிகம்

அந்த ஐப்பசியில் என் பிழைப்பு முழுக்க ஓர் உப்புத் துண்டை நம்பி இருந்தது. சுண்டுவிரல் நீளம், அதில் பாதிக்கும் குறைந்த அகலம், கண்ணாடி மாதிரித் தெளிவு. சமையல் உப்பு இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் சர்க்கரைச் சோதனைக்கு வைத்திருப்பார்களே, ரோஷல் உப்பு, அது. தண்ணீரில் கரைத்து, ஒரு சின்ன விதைப் படிகத்தை நூலில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்தால் கைப்பிடி அளவுக்கு வளரும். போடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் அப்படி வளர்த்து, துண்டுகளாக அறுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது என்று நான் உத்தரவு போட்டதற்கு, "பிள்ளத்தாச்சிய உள்ள வச்சிருக்காப்புல பண்ணுறா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். உள்ளபடியே அப்படித்தான் வைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெரியகுளம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. ஆராய்ச்சிப் பட்டம் முடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு ஆள் என்று நிர்வாகம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. பட்டத்துக்குப் பதிவு செய்த கெடு அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. மதுரையில் இருந்த என் வழிகாட்டி, 'வேலை முடிந்தது, ஆய்வேட்டை எழுதலாம்' என்று கையெழுத்துப் போட்டால்தான் கெடுவை நீட்டுவார்கள். அவரோ வடக்கே ஒரு பெரிய பதவிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும் முன் ஒருநாள் மலைக்கு வந்து, நான் கண்டதாகச் சொல்வதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஏன் மலைக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். அது இந்த உப்பின் குணம். இருபத்துநான்கு டிகிரிக்கு மேலே அது சாதுவான படிகம். அதற்குக் கீழே குளிர்ந்தால், வெளியிலிருந்து யாரும் மின்சாரம் கொடுக்காமலேயே அதன் உள்ளே நேர்மின்னும் எதிர்மின்னும் தள்ளித் தள்ளி நின்றுகொள்ளும். அதுவும் படிகம் முழுக்க ஒரே திசையில் நிற்காது. பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒரு பட்டையில் இந்தப் பக்கம், அடுத்த பட்டையில் அந்தப் பக்கம் என்று நிற்கும். இந்த ஜாதிப் படிகங்களுக்கு ஃபெரோஎலக்ட்ரிக் என்று பெயர். ஃபெரோ என்றால் இரும்பு. பெயரில்தான் அது இருக்கிறது, உப்பில் இரும்பு துளியும் கிடையாது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தேனியிலும் போடியிலும் இருபத்துநான்கு டிகிரி என்பது விடியற்காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் விருந்தாளி. கல்லூரியில் குளிரூட்டும் பெட்டி கேட்டுப் பார்த்தேன். முதல்வர் அறையிலேயே ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது என்று பதில் வந்தது. ஆகவே போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் என் கணவர் குடும்பத்துக்கு இருந்த ஏலத்தோட்டத்து வீட்டை என் ஆய்வகமாக்கிக்கொண்டேன். அங்கே குளிருக்குப் பஞ்சம் இல்லை. மின்சாரம் மட்டும் கிடையாது. அதற்கு என் கணவர் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி என் டிரான்சிஸ்டர் கருவிக்குக் கொடுப்பார். நான் அளவெடுக்கும்போது ஜீப் நகராது, ஜீப் நகரும்போது நான் அளவெடுக்க முடியாது.

நான் அளந்தது இரண்டு காரியங்களை. ஒன்று, நடுக்கம். இந்தப் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் நீண்டு சுருங்கும். மாறி மாறி வரும் மின்சாரத்தைக் கொடுத்தால் நடுங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கென்று ஒரு சுருதி உண்டு. காதுக்கு எட்டாத சுருதிதான், ஆனால் அதைத் தொட்டதும் கருவியின் ஊசி துள்ளிக் காட்டிவிடும். இரண்டாவது, ஒளி. ஒளியை வடிகட்டும் இரண்டு போலராய்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் நடுவே இருட்டாகிவிடும். அந்த இருட்டுக்குள் படிகத்தை வைத்துக் கொஞ்சம் திருப்பினால் ஒரு வகைப் பட்டைகள் கறுத்தும் மறுவகை வெளுத்தும், கோரைப்பாயின் கோடுகள் மாதிரித் தெரியும். தாவரவியல் துறையில் கெஞ்சி வாங்கி வந்த மைக்ராஸ்கோப்பின் கீழே முதல்முறை அந்தக் கோடுகளைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தலைவலி எங்கே என்றால், படிகத்தைப் பிடித்து நிறுத்துவதில். சரியான தொட்டாற்சிணுங்கி அது. பக்கவாட்டில் லேசாக ஓர் அழுத்தம் விழுந்தாலும் போதும், ஒரு வகைப் பட்டை மற்றதைத் தின்றுகொண்டே அகலமாகும். சுருதியும் கூடவே மாறிவிடும். அப்புறம் நாம் அளப்பது படிகத்தின் இயல்பையா, நம் பிடியின் இயல்பையா என்று தெரியாது. பித்தளைக் கிளிப் வைத்துப் பார்த்தேன், அழுத்தியது. பசை போட்டேன், காய்ந்து இழுத்து ஒரு துண்டு கீறிப்போனது. மெழுகைச் சுடச்சுட ஊற்றினால் படிகமே இளகிவிடும். கோபத்தில் ஒருநாள் கிளிப்பைத் தோட்டத்தில் எறிந்துவிட்டு, பிறகு ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து தேடி எடுத்தேன். அது கல்லூரிச் சொத்து.

அப்போது வழி சொன்னவர் என் கணவர். போடிக் கடைவீதியில் அவர்களுக்கு ஏலக்காய் வியாபாரம். வெளியூருக்கு மாதிரி அனுப்பும் சின்னத் துணிப்பைகளின் வாயை வாழைநாரால்தான் கட்டுவார்கள். நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுக் கட்டுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். அந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது, அறுக்கத்தான் வேண்டும். நடுவில் யாரும் பையைத் தொடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். "நாரவிட மெதுவானது எது இருக்கு? நழுவவும் நழுவாது, கடிக்கவும் கடிக்காது. நான் கட்டித் தாரேன்" என்றார். நடுங்கும்போது துண்டின் நடுப்பகுதி மட்டும் அசையாது. அந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு சின்ன மரச்சட்டத்தோடு கட்டினால் நடுக்கத்துக்கு இடைஞ்சல் இல்லை. நாரின் ஈரம் உப்பைக் கரைத்துவிடாமல் இருக்க, துண்டுக்கு முன்கூட்டியே நிறமில்லாத நகப்பூச்சு பூசிவிட்டேன்.

கட்டினார். துண்டு நிமிர்ந்து நின்றது. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் சரிசமமாகத் தெரிந்தன. அன்றிலிருந்து கட்டுவது அவர் பாடு, பார்ப்பது என் பாடு என்று ஆனது. நான் கட்டினால் நார் அறுந்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஜெயமங்கலத்தில் என் பிறந்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்பே சொல்லி அனுப்பிய சேதி.

அதற்கப்புறம்தான் நான் 'கண்டுபிடித்தேன்'. கட்டிவைத்த துண்டில், பிற்பகல் போகப்போகப் பட்டைகள் தாமாகவே நகர்ந்தன. ஒரு வகை மெல்ல மெல்ல ஒடுங்கியது, மறுவகை அகன்றது. சுருதி ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. எந்தத் துண்டை எடுத்தாலும் இதே கதை. வறண்ட மாதங்களின் சனி ஞாயிறுகளில் மலைக்கு ஏறி, கை விறைக்காமல் இருக்க அறையில் கங்குச் சட்டியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெட்டி எடுத்த படிகத்துக்கு வயதாகிறது, தனக்குள்ளே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடங்குகிறது என்று முடிவு கட்டினேன். மூப்பு என்று பெயரும் வைத்தேன். வழிகாட்டி கேட்டுவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறை. ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். எங்கள் இருவர் பெயரிலும் சின்னக் கட்டுரையாக ஒரு பத்திரிகைக்கு அனுப்பியும் வைத்தார்.

அவர் மலைக்கு வருவதாகச் சொன்ன தேதி ஐப்பசி மழைக்காலத்தில் விழுந்தது. நாங்கள் முதல் நாளே போய்விட்டோம். பிற்பகலில் அறையைக் கங்கு வைத்துக் கதகதப்பாக்கி, என் கணவர் ஒரு துண்டைக் கட்டிவைத்தார். பொழுது சாய்வதற்குள் பட்டைகள் ஒதுங்கின, சுருதி ஏறி நின்றது. மூப்பு வந்தாயிற்று, மறுநாள் சாருக்குக் காட்ட ஒரு முடிந்த சாட்சி இருக்கிறது என்று நிம்மதியானேன். இன்னொரு துண்டை அவர் முன்னாலேயே கட்டி, முதலிலிருந்து காட்டலாம் என்று திட்டம்.

காலையில் என் கணவர் பேட்டரியை ஜீப்பில் மாட்டிக்கொண்டு, மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவரை அழைத்துவரப் போடிக்கு இறங்கினார். நான் தனியாக இருந்தேன். வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சத்துக்கு முன்னால் மேகம் உள்ளே வந்தது. அங்கே அந்த மாதத்தில் அப்படித்தான், சமையலறையில் நின்றால் அடுப்பு தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று நேற்றுக் கட்டிய துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

பட்டைகள் பழையபடி சரிசமமாக நின்றன.

துண்டு மாறிப்போயிற்றோ என்று முதலில் நினைத்தேன். மாறவில்லை, ஓரத்தில் என் நகம் பட்ட கீறல் அப்படியே இருந்தது. வெப்பமானியைப் பார்த்தேன். பத்தொன்பது. அதிலும் குற்றம் சொல்ல வழியில்லை. மூத்தது இளமைக்குத் திரும்பாது. நான் எழுதி அனுப்பியிருந்த கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியில்தான் நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக இது எப்படிக் குமரியானது?

ஈரம் படிகத்துக்குள் போயிருக்குமோ என்று பார்த்தேன். பூச்சு விரிசல் இல்லாமல் இருந்தது, முகம் தெளிவாக இருந்தது. அதற்குள் மேகம் விலகி வெயில் சுள்ளென்று ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்தது. துண்டின்மேல் படாமல் நோட்டை மறைப்பாக நிறுத்திவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கறுத்த பட்டைகள் ஒடுங்க ஆரம்பித்தன. என் கண்முன்னால் அதற்கு மறுபடி வயதாகியது. மறுபடி மேகம் வந்து அறையை நிறைத்தது. பட்டைகள் திரும்பி வந்தன. கேலி பண்ணுகிறதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

எத்தனையோ மாதம் நான் பட்டைகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்றுதான் கண்ணைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, துண்டின் இடுப்பைச் சுற்றிக் கிடந்த நாரைப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் அது கயிறு மாதிரி பெரிதாகத் தெரிந்தது. ஈரத்தில் கொஞ்சம் உப்பி, தளர்ந்து கிடந்தது. ஒரு துணியின் முனையை நனைத்து, படிகத்தைத் தொடாமல், நாரை மட்டும் ஒற்றினேன். பட்டைகள் இன்னும் சமமாயின. கங்குச் சட்டியைத் தள்ளி வைத்தபடியே விசிறியால் நாரின் பக்கம் அனலைத் திருப்பினேன். நார் காய்ந்து விறைத்தது. பட்டைகள் ஒதுங்கின. நனைத்தேன், திரும்பி வந்தன. காய வைத்தேன், போயின.

மூப்பாவது மண்ணாவது. நனைத்துக் கட்டிய நார் காயக் காய இறுகி, படிகத்தின் இடுப்பை இருபுறமும் நெரித்துக்கொண்டிருந்தது. நெரிபட்ட படிகம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொண்டது. இந்த உப்பை அழுத்தினால் பட்டைகள் நகரும், சுருதி மாறும் என்பது எனக்கு முன்னே எத்தனையோ பேர் எழுதிவைத்துவிட்ட சங்கதி. அதற்குப் பயந்துதான் கிளிப்பையே எறிந்தேன். வறண்ட மாதங்களில் மட்டும் வந்து, கங்கை மூட்டிக்கொண்டு வேலை பார்த்ததில் நார் ஒருமுறையும் தளரவில்லை, உண்மை வெளியே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கீழே ஜீப்பின் சத்தம் கேட்டது. அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு சத்தம் கிட்டே வரும், மறையும், மறுபடி இன்னும் கிட்டே வரும். ஒவ்வொரு தடவை மறைந்தபோதும் அது வராமலே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

வழிகாட்டி மஃப்ளரை அவிழ்த்தபடி இறங்கினார். நல்ல மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "ஏம்மா, இந்தக் குளிர்லயா இத்தனை நாளா வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனார். நான் என் கணவரைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"எல்லாம் போச்சு. நார்தான் காரணம்" என்றேன். "நனைச்சுக் கட்டுறீகல்ல, காயக் காய இறுகுது. அதுதான் படிகத்த நெரிக்குது. மூப்பெல்லாம் ஒண்ணுங் கெடையாது."

டீ கலக்கிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "என் கட்டா?"

"ஆமா."

"எங்கப்பா காலத்துல இருந்து இப்பிடித்தான் கட்டுறோம். ஒரு பை பிரிஞ்சதில்ல. ஒரு காய் நசுங்குச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"ஏலக்கா தாங்கும். இது தாங்காது."

அவர் முகம் சுண்டிப்போனது. டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சாருகிட்ட இப்பச் சொல்லாத" என்றார். "அவுக கையெழுத்துப் போடட்டும். பெறகு நீ எத வேணும்னாலும் திருத்தி எழுதிக்க. அவுக வடக்க போயிட்டா ஒனக்கு வேற நாதி ஏது?"

"பொய்க்குக் கையெழுத்தா?"

"பொய்யின்னு ஆருக்குத் தெரியும்? விடியிற வரைக்கும் ஒனக்கே தெரியாதுல்ல."

அவர் ஜன்னலைச் சாத்தினார். கங்குச் சட்டியில் புதுக் கரி போட்டு ஊதினார். வெளியே போய்ப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து கருவியில் மாட்டினார். எல்லாம் எனக்காகத்தான் செய்தார் என்பது தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

வழிகாட்டி வந்து உட்கார்ந்தார். என் கணவர் அவர் முன்னால் இரண்டாவது துண்டை எடுத்து, நாரை நனைத்து, கிழித்து, ஒற்றிக் கட்டினார். எப்போதும் அந்த முடிச்சைப் போட்டுவிட்டு ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அன்று நிமிரவில்லை. "இவ்வளவு நேர்த்தியா ஒரு மவுண்டிங் நான் எங்கேயும் பாத்ததில்லீங்க" என்றார் வழிகாட்டி. என் கணவர் கங்கைக் கிளறப் போய்விட்டார்.

முற்பகல் முழுக்க நான் அளவுகளைச் சொல்ல, வழிகாட்டி மைக்ராஸ்கோப்பையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். அறை காய்ந்தது. நார் காய்ந்தது. பட்டைகள் சொன்னது சொன்னபடி ஒதுங்கின. ஊசி துள்ளும் இடம் மேலே மேலே போனது. வெப்பமானி இருபத்திரண்டைத் தொட்டதும் என் கணவர் சட்டியைக் கதவுக்கு அப்பால் இழுத்தார், கொஞ்சம் இறங்கியதும் உள்ளே தள்ளினார். இருபத்துநான்கைத் தாண்டினால் பட்டைகளே இருக்காது என்பது அவருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு அளவையும் சொல்லும்போது இத்தோடு நிறுத்திச் சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். அடுத்த அளவைச் சொன்னேன்.

"அழகு. ரொம்ப அழகு" என்றார் வழிகாட்டி. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். "கடைசியா ஒரு தரம் பாத்துட்டுப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

நார் நறுக்கும் பிளேடு என் கை அருகே கிடந்தது. எடுத்தேன். கதவோரம் நின்ற என் கணவர் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையை அசைத்தார், ஒரே ஒரு தரம். மைக்ராஸ்கோப்புத் தட்டின் பக்கவாட்டில் பிளேடை நுழைத்து, முடிச்சுக்குக் கீழே அறுத்தேன்.

வழிகாட்டி விருட்டென்று நிமிர்ந்தார். "யாரு தட்டினது? எல்லாம் பழைய இடத்துக்குப் போயிடுச்சே."

"தட்டல சார். நான் கட்ட அறுத்துட்டேன்."

சொன்னேன். முதலில் கட்டிய துண்டை எடுத்து வைத்து, ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தேன். அவர் நாரை நனைத்துப் பார்த்தார். காய வைத்துப் பார்த்தார். மறுபடி நனைத்தார்.

"நான் மீட்டிங்ல பேசிட்டேனேம்மா" என்றார் கடைசியில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலையில சார். நீங்க ஏறி வந்துக்கிட்டு இருந்தப்ப."

"அப்ப இவ்வளவு நேரம்?"

"பயமா இருந்துச்சு சார்."

அவர் என்னைப் பார்த்தார், கங்குச் சட்டியைப் பார்த்தார், என் கணவரைப் பார்க்காமல் விட்டார். பேனாவின் மூடியைப் போட்டார். "கையெழுத்துப் போட இதுல ஒண்ணும் இல்லேம்மா. கட்டுரையத் திருப்பிக் கேட்டு நானே எழுதிடறேன்." சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றதற்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். என் கணவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கெடு முடிந்தது. அடுத்த வருஷம் கல்லூரியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். நான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். படிகத்தின்மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை அளந்து வைத்து, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நடுக்கமும் ஒளியும் எப்படி மாறுகின்றன என்று முதலிலிருந்து ஆரம்பித்து, வேறொரு வழிகாட்டியின் கீழ் பட்டம் வாங்கியபோது என் தலை பாதி நரைத்திருந்தது. அதனால் எனக்கு வேலை உயரவும் இல்லை, சம்பளம் கூடவும் இல்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும். பெருமையாக எல்லாம் இல்லை.

ஆனால் அன்று மலையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வழிகாட்டியைப் பஸ் ஏற்றிவிட்டு என் கணவர் திரும்பி வரப் பிற்பகலாகிவிட்டது. என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆக்கிவைத்த சோறு அப்படியே இருந்தது. இந்த மனிதர் இனி என் வேலைக்கு ஒரு துரும்பும் எடுத்துப் போட மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவரைக் காணோம். ஜீப்பில் இருப்பார் என்று வெளியே பார்த்தேன். இல்லை.

அறைக்குள் இருந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தார். இத்தனை மாதம் எனக்குக் கட்டிக் கொடுத்தவர், ஒரு தரம்கூட அதற்குள் பார்த்ததில்லை. நான் பார்க்கச் சொன்னதும் இல்லை. ஒரு கையில் ஈரத்துணி. முதல் துண்டின் நாரை ஒற்றுவார், பார்ப்பார். வாயால் ஊதிக் காய வைப்பார், காத்திருப்பார், பார்ப்பார். நான் கதவருகே வந்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பாமலே பேசினார்.

"நெசந்தான்."

மறுபடி ஒரு தரம் நாரை ஒற்றிவிட்டுப் பார்த்தார்.

"நாந்தான் இத்தன நாளும் இத நெரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவரே பிளேடை எடுத்துத் தன் முடிச்சை அறுத்தார். அறுத்த நார்த் துணுக்கு மேசைமேல் விழுந்தது. துண்டைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப இத எதக் கொண்டு பிடிக்கிறது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அவர் இன்னும் பிடித்துக்கொடுக்கத்தான் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. வாயில் வந்ததோ வழக்கமான அதட்டல்தான்.

"கையில வச்சிருக்காதீக. ஒங்க சூட்டுக்கே பட்டையெல்லாம் போயிரும்."

அவர் பதறி, அதைப் பஞ்சின்மேல் இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.